திருகோணமலைக்கும் புவித்தகடுகளுக்கும் என்ன சம்பந்தம்?

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "தகடுகள் நகர்வதால்தான் மலை, எரிமலை, நிலநடுக்கம் எல்லாம் வருகின்றன என்று படிக்கிறோம். ஆனால் உலகப் படத்தில் திருகோணமலைக்குப் பக்கத்தில் எந்தத் தகட்டு எல்லையும் இல்லையே. அப்படியென்றால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தண்ணீர் ஏன் சுடுகிறது? சுனாமி ஏன் இங்கே வந்தது? இந்தத் தகடுகளை உண்மையில் எதுதான் தள்ளுகிறது?"

தம்பி, எல்லைக்கோடு பக்கத்தில் இல்லை என்பது சரி. மிகக் கிட்ட உள்ளது அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மேற்கே ஓடும் ஆழ்கடல் அகழி, அதுவும் ஏறத்தாழ 1200 கிலோமீற்றர் தள்ளி. ஆனால் இன்று தகட்டின் உட்பகுதியில் இருக்கிற ஊர் என்றைக்கும் உட்பகுதியிலேயே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. திருகோணமலை இருக்கும் நிலம் குறைந்தது இரண்டு தடவை எல்லையாக இருந்திருக்கிறது. ஒருமுறை கண்டங்கள் மோதின, பிறகு ஒருமுறை கண்டம் பிளந்தது. கோணேசர் மலையில் நீங்கள் மிதிக்கும் பாறை அந்த மோதலில் உருவானது. கிழக்கே சட்டென்று ஆழமாகிற கடல் அந்தப் பிளவால் வந்தது.

அதற்கு முன்னால் தகடு பற்றி ஒரு விஷயம். பல படங்களில் கீழே சிவப்பாகக் கொதிக்கும் குழம்பும் அதன்மேல் மிதக்கும் கண்டங்களும் வரைந்திருப்பார்கள். அப்படி ஒரு குழம்புக் கடல் கிடையாது. பூமியின் மேலோடும் அதற்குக் கீழுள்ள மான்டில் என்ற தடித்த பாறைப் படையின் குளிர்ந்த மேற்பகுதியும் சேர்ந்த விறைப்பான பாளம்தான் தகடு. சுமார் 100 கிலோமீற்றர் தடிப்பு, பழைய கண்டங்களுக்குக் கீழே அதைவிடக் கூட. அதற்கும் கீழே உள்ள மான்டிலும் திண்மப் பாறைதான். நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகமாட்டா. மான்டிலுக்குள் அவை தாராளமாகப் போகின்றன, ஏறத்தாழ 2900 கிலோமீற்றர் ஆழத்தில் பூமியின் வெளிக்கரு தொடங்கும் இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. உண்மையான திரவம் அங்கேதான். மான்டில் பாறை ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், திண்மமாக இருந்துகொண்டே, மில்லியன் கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பாய்கிறது. உடைக்கப் பார்த்தால் உடையும், போதிய காலம் கொடுத்தால் வளையும்.

சரி, எது நகர்த்துகிறது? 1912 இல் ஜெர்மானிய அறிஞர் அல்பிரட் வெக்னர் கண்டங்கள் நகர்ந்தன என்று சொன்னபோது அவரை மடக்கியது இந்தக் கேள்விதான். கரையோர வடிவம், புதைபடிவம், பழைய பனிக்கட்டியின் தடங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன, தள்ளுகிற விசை மட்டும் இல்லை. 1920களின் இறுதியில் பிரித்தானியப் புவிச்சரிதவியலாளர் ஆர்தர் ஹோம்ஸ், மான்டிலுக்குள் வெப்பச் சுழற்சி நடக்கிறது, அது கண்டங்களைச் சுமந்து போகிறது என்றார். பாதி சரி. சுழற்சி நடக்கிறது, ஆனால் தகடு அதன்மேல் சும்மா குந்தியிருந்து பயணம் போவதில்லை. சுழற்சியில் தகடே ஒரு பங்குதான், அதுவும் பெரிய பங்கு.

கடலுக்கடியில் தகடுகள் விலகும் முகடுகளில் சூடான மான்டில் மேலெழும்பி, அமுக்கம் குறைவதால் கொஞ்சம் உருகி, புதிய கடற்றரை உண்டாகிறது. அது முகட்டை விட்டு விலகிப் போகப்போகக் குளிர்கிறது, தடிக்கிறது, பாரமாகிறது. பல கோடி ஆண்டுகள் கழித்துக் கீழுள்ள மான்டிலைவிட அடர்த்தி கூடிய நிலையில் ஓர் அகழியில் தலைகுப்புற உள்ளே இறங்குகிறது. இறங்கிய பகுதியிலுள்ள எரிமலைப் பாறை, ஆழத்தின் அமுக்கத்தில் கார்னட் என்ற கனிமம் நிறைந்த வேறொரு பாறையாக மாறி இன்னும் பாரமாகிறது. வள்ளத்தின் விளிம்பிலிருந்து வலை சரியும்போது பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் கடலுக்குள் போய்விட்டால் போதும், போன பகுதியின் பாரமே மிச்ச வலையையும் இழுத்துக்கொண்டு போகும். தகடுகளை நகர்த்தும் பிரதான விசை இதுதான் என்பது இன்றைய புரிதல். முகட்டின் உயரத்திலிருந்து சரிவதால் வரும் தள்ளலும் உண்டு, அது சிறியது. அகழிகளுக்குள் நீளமாக இறங்கிக்கொண்டிருக்கும் பசுபிக் தகடு ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவு ஓடுகிறது. அப்படி இழுக்க ஆளில்லாத ஆபிரிக்கத் தகடு இரண்டு சென்ரிமீற்றர் அளவில் ஊர்கிறது. இந்த வித்தியாசமே நல்ல சாட்சி.

விலகும் எல்லை, மோதும் எல்லை, உரசிக்கொண்டு போகும் எல்லை என்று மூன்று வகையை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதை விட்டுவிட்டு ஊருக்கு வருவோம்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம், மிகப் பழைய உருமாறிய பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் அதற்கு விதிவிலக்கு, அது ஒப்பீட்டில் நேற்றுப் பிறந்த பிள்ளை. திருகோணமலை, உயர்நிலத் தொகுதி என்று புவிச்சரிதவியலாளர் சொல்லும் வலயத்தில் இருக்கிறது. மத்திய மலைநாட்டுப் பாறையும் இந்த ஊர்ப் பாறையும் ஒரே குடும்பம். ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, அந்தாட்டிக்கா ஆகியவற்றின் துண்டுகள் மோதி ஒட்டி, கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானது. அந்த மோதலில் இந்தப் பாறைகள் 25, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுக்கப்பட்டு, 800, 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெந்தன. கண்டிப் பக்கத்தில் சில பாறைகள் 1000 பாகையையும் தாண்டியிருக்கின்றன. அதன் கருத்து என்ன? இன்று வெயிலில் காய்ந்து கிடக்கும் இந்தப் பாறைக்கு மேலே ஒரு காலத்தில் 25 கிலோமீற்றருக்குக் குறையாத பாறை இருந்தது. இமயமலை போன்ற ஒரு மலைத்தொடரின் அடிவேரில்தான் திருகோணமலைப் பட்டினம் கட்டப்பட்டிருக்கிறது. மேலே இருந்த மலை மழையிலும் ஆற்றிலும் கரைந்து போய்விட்டது.

கரைந்து போனதில் பாரமான மணிகள் கொஞ்சம் வடக்கே புல்மோட்டைக் கரையில் கிடக்கின்றன. அந்தக் கறுப்பு மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனிமங்கள் இருப்பதால்தான் அதை அள்ளி ஏற்றுமதி செய்கிறார்கள். சிர்க்கோன் மணி ஒரு மணிக்கூடு. படிகம் உண்டாகும்போது உள்ளே அகப்படும் யுரேனியம் தெரிந்த வேகத்தில் ஈயமாக மாறுகிறது, இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது வந்துவிடும். உயர்நிலத் தொகுதியின் சிர்க்கோன்களை அப்படி அளந்துதான் மேலே சொன்ன 55, 61 கோடிக் கணக்கெல்லாம் வந்தது. சில மணிகளின் நடுப்பகுதி 200 கோடி ஆண்டுக்கும் மூத்தது, அதாவது மோதலுக்கு முன்பே வேறெங்கோ பிறந்து, அரித்து வரப்பட்டு, திரும்ப வெந்தவை. இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. கலை வரலாற்றாசிரியராக உலகமே அறிந்த ஆனந்த குமாரசுவாமி, படிப்பால் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளர் அவர்தான். தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற புதிய கனிமம் 1904 இல் உலகத்துக்குத் தெரியவந்ததும் அவர் வழியாகத்தான். தோரியத்தை ஞாபகம் வைத்திருங்கள், கன்னியாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

அடுத்தது பிளவு. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவானா இந்தப் பக்கத்தில் கிழிந்தது. இலங்கையின் கிழக்குக் கரைக்கு எதிரே அதுவரை ஒட்டிக்கொண்டிருந்தது அந்தாட்டிக்கா. இதைச் சும்மா படத்தை வெட்டி ஒட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தாட்டிக்காவில் யப்பானியரின் சியோவா ஆய்வு நிலையம் இருக்கும் லுற்சோ ஹொல்ம் விரிகுடாப் பாறைகளும் உயர்நிலத் தொகுதிப் பாறைகளும் வகையிலும் வயதிலும் வெந்த வெப்பத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நிலாவெளிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்கக்கூடியது கடல் அல்ல, அந்தாட்டிக்கா. இடையில் பிளவு விழுந்து, புதிய கடற்றரை உண்டாகி, அது அகலித்து அகலித்து வங்காள விரிகுடாவாகவும் தென் சமுத்திரமாகவும் ஆனது.

கண்டம் கிழிந்த விளிம்பு என்பதால்தான் இங்கே கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்றரை, ஒடுக்கம். கரையிலிருந்து சில பத்துக் கிலோமீற்றருக்குள்ளேயே ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழம். அதைவிட விசேஷம் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தலை வைத்திருக்கும் கடலடிப் பள்ளத்தாக்கு. மகாவலி கங்கை வந்து விழும் குடாவிலிருந்து தொடங்கி ஆழ்கடல் வரை அது இறங்குகிறது. பழைய பாறையிலுள்ள பலவீனமான கோடுகளைப் பிடித்துக்கொண்டே அது வெட்டப்பட்டிருக்கிறது. கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் ஆழக் கடல் இருப்பதால்தான் நீலத்திமிங்கிலத்தையும் எண்ணெய்த் திமிங்கிலத்தையும் பார்க்கத் திருகோணமலையிலிருந்து வள்ளத்தில் போய்வர முடிகிறது.

துறைமுகத்தையும் தகடுகள்தான் செய்தன என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். தகடுகள் கொடுத்தது கடினமான பாறை முகடுகளையும் ஆழக் கடலின் கிட்டத்தையும். முகடுகளுக்கிடையே பள்ளம் தோண்டியது மழையும் ஆறும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் பனி யுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு கீழே இருந்தது, பனி உருகியபோது கடல் ஏறிப் பள்ளங்களை நிரப்பியது. துறைமுகத்தின் வளைந்து நெளிந்த கரையும் சின்னச் சின்னத் தீவுகளும் அப்படி மூழ்கிய நிலத்துக்கே உரியவை. கோணேசர் மலையிலுள்ள இராவணன் வெட்டும் இயற்கையின் வேலைதான், பழைய பாறையில் விழுந்த வெடிப்பைக் கடல் அடித்து அடித்து அகலித்தது. இராவணன் மலையைப் பெயர்க்கப் பார்த்தான் என்ற கதை இருக்கட்டும். மலையை உண்மையாகவே பெயர்த்துக்கொண்டு போகிற வேலை இன்னும் நடக்கிறது.

பிளந்த பிறகு இந்தியாவும் இலங்கையும் வடக்கே ஓடத் தொடங்கின. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்ரிமீற்றருக்கும் மேல், கண்டம் சுமந்த தகட்டுக்கு இது அசாத்திய வேகம். முன்னால் இருந்த தெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்குக் கீழே இறங்கி இழுத்ததே முக்கிய காரணம். ஓடிய பாதைக்கு அடையாளமும் உண்டு. கிழக்கு நெடுங்கோடு 90 பாகையை ஒட்டி ஏறத்தாழ 5000 கிலோமீற்றர் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு கடலடி மலைத்தொடர் கிடக்கிறது. மான்டிலில் ஓரிடத்தில் நின்று எரிந்த ஊற்றுக்கு மேலாகத் தகடு போகப்போக வரிசையாக விழுந்த எரிமலைகள் அவை. அப்புறம் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியா ஆசியாவோடு முட்டியது. கண்டப் பாறை இலேசானது, எளிதில் கீழே இறங்காது. அதனால் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இமயமலை ஆனது. எவரெஸ்டின் உச்சியில் கடல் உயிரிகளின் புதைபடிவம் கொண்ட சுண்ணக்கல் இருப்பது அதனால்தான்.

முட்டிய பிறகும் தகடு நிற்கவில்லை. ஜிபிஎஸ் அளவைகளின்படி நாங்கள் இன்றும் ஆண்டுக்கு ஐந்து சென்ரிமீற்றர் அளவு வடகிழக்கே போகிறோம். 2004 க்குப் பிறகு மட்டும் கோணேசர் கோயில் ஒரு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிட்டது. கோயிலோடு கோட்டையும் துறைமுகமும் சந்தையும் தமிழ்நாடும் சேர்ந்து நகர்வதால் யாருக்கும் தெரிவதில்லை.

இமயமலையிலிருந்து அரித்து வரும் மண்ணைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் விரிகுடாவில் கொட்டுகின்றன. அது கடலடியில் ஏறத்தாழ 3000 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரவி, பூமத்திய கோட்டையும் தாண்டிக் கிடக்கிறது, உலகத்திலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி. திருகோணமலைக்குக் கிழக்கே ஆழ்கடலில் தரையைத் துளைத்தால் முதலில் வருவது இமயமலைச் சேறு. அந்தாட்டிக்காவிலிருந்து பிரிந்தபோது பிறந்த கடற்றரை அதற்குக் கீழே பல கிலோமீற்றர் ஆழத்தில் புதைந்திருக்கிறது.

இனிக் கன்னியா. அங்கே எரிமலை எதுவும் இல்லை. இலங்கையில் எங்கேயுமே இயங்கும் எரிமலை கிடையாது. ஏழு கிணறுகளின் நீரும் மழை நீர்தான். வெடிப்புகள் வழியே அது கீழே போகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை வரை பாறையின் வெப்பம் ஏறும். கன்னியா நீர் ஏறத்தாழ 40 பாகை. கணக்குப் பார்த்தால் அரைக் கிலோமீற்றர் ஆழம் போய் வந்தாலே போதும், ஏறி வரும் வழியில் ஆறும் என்பதால் உண்மையில் இன்னும் ஆழம் போயிருக்க வேண்டும். திரும்பி மேலே வர நல்ல வெடிப்பு வேண்டும், ஆறிப்போகாமல் வேகமாகவும் வர வேண்டும். அது பழைய பாறையின் பலவீனமான கோடுகளில்தான் கிடைக்கும். மகாஓயா, மகாபெலஸ்ஸ உட்படத் தீவின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும், உயர்நிலத் தொகுதியும் கிழக்கேயுள்ள விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டி வரிசையாக இருப்பது தற்செயல் அல்ல. கொண்டுவானா காலத்தில் இரண்டு நிலத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் அது.

அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? பூமி பிறந்தபோது உள்ளே அகப்பட்டது ஒரு பங்கு. ஏறக்குறைய பாதி, யுரேனியமும் தோரியமும் பொற்றாசியமும் சிதைவதால் வருவது. மான்டிலைப் பாயவைப்பதும் இதே வெப்பம்தான். கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றும்போது உடம்பில் படுகிற சூடும் இந்தியாவை ஆசியாவோடு முட்டவைத்த சூடும் ஒரே கணக்கிலிருந்து வந்தவை.

கடைசியாகச் சுனாமி. சுமாத்திரா, நிக்கோபார், அந்தமான் வழியாக ஓடும் அகழியில் இந்தியத் தகடு கிழக்கே உள்ள தகட்டுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் இறங்குகிறது. பிரச்சினை என்னவென்றால், மேற்பகுதியில் இரண்டு தகடுகளும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். கீழே போகிறது நிற்காது, மேல்தகட்டின் விளிம்பு வளைந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு நான்கு சென்ரிமீற்றர் என்று வைத்தால், 400 ஆண்டில் 16 மீற்றர் கடன் சேரும். 2004 டிசம்பர் 26 காலை 6.59 க்கு அந்தப் பூட்டு அறுந்தது. (அப்போது எங்கள் மணிக்கூடு இந்தியாவைவிட அரை மணி முன்னால் இருந்தது. இந்தியப் பதிவுகளோடு ஒப்பிடும்போது இதில் பலர் குழம்புகிறார்கள்.) 9.1 அளவு நிலநடுக்கம். வட சுமாத்திராவுக்கு அருகே தொடங்கி வடக்கே ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் கிழிந்தது, கிழிந்து முடியப் பத்து நிமிடம் அளவு ஆனது. கடற்றரை சில இடங்களில் பல மீற்றர் உயர்ந்தது, மேலே இருந்த தண்ணீர் முழுவதும் அதோடு தூக்கப்பட்டது.

தெற்கிலிருந்து வடக்காகக் கிழிந்ததுதான் எங்களுக்கு வந்த வினை. அலையின் வலு கிழிந்த கோட்டுக்குச் செங்குத்தாகவே அதிகம் போகும், அதாவது மேற்கே இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும், கிழக்கே தாய்லாந்துக்கும். விரிகுடாவின் வடக்கு முனையிலுள்ள பங்களாதேசம் பெரிய அழிவில்லாமல் தப்பியது இதனால். ஆழக் கடலில் சுனாமியின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது, 3500 மீற்றர் ஆழத்துக்கு மணிக்கு 650 கிலோமீற்றருக்கு மேல். இடையில் தடுக்க ஒரு தீவும் இல்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி எல்லாம் தண்ணீருக்குள். தாய்லாந்துப் பக்கம் கடற்றரை தாழ்ந்ததால் முதலில் கடல் உள்வாங்கியது. எங்கள் பக்கம் உயர்ந்த தரை இருந்ததால் முதலில் வந்தது ஏற்றம், உள்வாங்கியது பிறகுதான். "கடல் உள்வாங்கினால் ஓடு" என்பது நல்ல விதி, ஆனால் கிழக்குக் கரையில் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது.

"இலங்கைக்குத் தெற்கே புதிய தகட்டு எல்லை உருவாகிறது, எரிமலை வரப்போகிறது" என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். அதில் உண்மை கொஞ்சம் உண்டு. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் ஒரே தகடு என்று பழைய படங்களில் இருக்கும். இந்தியா இமயமலையில் முட்டித் தடைப்படுகிறது, அவுஸ்திரேலியா அவ்வளவு தடையில்லாமல் போகிறது, ஆகவே இடையிலுள்ள கடற்றரை பல மில்லியன் ஆண்டுகளாக மடிந்தும் முறிந்தும் வருகிறது. ஆனால் அது ஒரு கோடு அல்ல, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமான பட்டை. எரிமலைக்கு அங்கே வேலையே இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல் சுமாத்திராவுக்கு மேற்கே அந்த வலயத்தில் 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. கரையோரச் சனம் எல்லாம் ஓடியது, பெரிய அலை வரவில்லை. அங்கே பாறை பக்கவாட்டில் வழுக்கியது, கடற்றரை மேலே உயரவில்லை, அதனால் தண்ணீரைத் தூக்க ஆளில்லை. ஆனால் நடுக்கம் வந்த முதல் நிமிடங்களில் அளவு மட்டுமே தெரியும், வழுக்கிய விதம் கணக்கிட்டு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் எச்சரிக்கை கொடுத்தாக வேண்டும்.

சுமாத்திராவில் நடக்கிற நடுக்கம் இங்கே காலுக்குக் கீழே பலமாகத் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அது 1700 கிலோமீற்றர் தூரம். ஆகவே இந்தக் கரையில் முதல் அறிகுறி பெரும்பாலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலாகத்தான் இருக்கும், கையில் கிடைப்பது ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். அலைகள் ஒன்றோடு முடிவதில்லை, பல நிமிட இடைவெளி விட்டு வரிசையாக வரும், முதலாவதே பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அபாயம் நீங்கியதாக அறிவிக்கும் வரை வள்ளத்தையும் வலையையும் பார்க்கக் கரைக்கு இறங்கக் கூடாது.